தண்ணீர் குடிக்காமல் படித்தோம்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் பீரியட் முடிவதற்குள் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அதைப் பிரித்தெடுக்கும்போது வாய்க்குள் ‘டக்’கென்று ஒரு சின்னச் சத்தம் வரும். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு ‘டக்’, ஜன்னலோரத்திலிருந்து ஒரு ‘டக்’, அப்புறம் முன்வரிசையிலிருந்து ஒன்று என்று பங்குனி மாதத்து மதியங்களில் எங்கள் வகுப்பறை முழுக்க இந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும் டீச்சர் திரும்பிப் பார்த்து, எவளோ ஒருத்தி வேண்டுமென்றே கேலி செய்கிறாள் என்று நினைத்து மொத்த வகுப்பையும் எழுந்து நிற்கச் சொல்வார். நாங்களும் நிற்போம். நின்றபடியே இன்னொரு ‘டக்’ கேட்கும். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தால், காய்ந்த உதடு வெடித்து ரத்தம் உப்புக் கரிக்கும்.

லஸ் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்த பெண்கள் பள்ளிக்கூடம் அது. கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டிய குடியிருப்பிலிருந்து நானும் என் அக்கா அமுதாவும் பஸ் பிடித்து அங்கே போய்ப் படித்தோம்; நான் ஏழாவது, அவள் ஒன்பதாவது. பள்ளியில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வராந்தா முனையில் மூடி போட்ட ஓர் எவர்சில்வர் டிரம் இருந்தது, அதன் பக்கத்தில் சங்கிலியில் கட்டிய ஒரு டம்ளரும் இருந்தது. சங்கிலி எதற்கு என்றுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்த டம்ளரைத் திருடுவதற்காவது எவளாவது அதன் கிட்டே போயிருக்க வேண்டுமல்லவா?

நாங்கள் போகாததற்குக் காரணம் மைதானத்தின் கோடியில், வேப்பமரத்துக்குப் பின்னால் இருந்தது. அதைக் கக்கூஸ் என்று சொல்வதா, ஒரு காலத்தில் கக்கூஸாக இருந்த இடம் என்று சொல்வதா தெரியவில்லை. வரிசையாகத் தடுப்புகள் இருந்தன. பாதிக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை, மீதிக்குக் கதவே இல்லை. குழாயைத் திறந்தால் ‘உஸ்’ஸென்று காற்று வரும். ஊரே தண்ணீருக்கு அலைந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. கிணறு வற்றி, போர் வற்றி, லாரியை நம்பி நகரம் நடந்துகொண்டிருந்தபோது பள்ளிக்கூடத்துக் கக்கூஸுக்கு யார் தண்ணீர் ஊற்றப் போகிறார்கள்? இன்டர்வெல் மணிக்கு எங்களிடையே ‘ஒண்ணுக்கு பெல்’ என்றுதான் பெயர். ஆனால் அந்த பெல் அடித்ததும் நாங்கள் எல்லாரும் ஓடியது கேட்டுக்கு வெளியே நெல்லிக்காய் விற்றவளிடம்தான். நெல்லிக்காயைக் கடித்து ஒதுக்கிவைத்துக்கொண்டால் வாயில் தானாகத் தண்ணீர் ஊறும். உள்ளே ஒன்றும் போகாமலே வாய் நனைந்துவிடும்.

இந்த மாதிரி நுணுக்கங்களெல்லாம் எங்களுக்கு எங்கள் அம்மாக்கள் கொடுத்தவை. எங்கள் பிளாக்கில் இதற்கு ‘வாயக் கட்டுறது’ என்று பெயர். பெண் வயசுக்கு வரப் போகிறாள் என்று தெரிந்தால் பாவாடை, தாவணி வாங்குவதற்கு முன்னாலேயே இந்தப் பாடம் ஆரம்பமாகிவிடும். காலையில் எழுந்ததும் ஒரு முழுங்கு, அதோடு சரி. காபி கூடாது. மதியத்துக்குச் சாம்பார் சாதம் கட்டக் கூடாது, தயிர் சாதமும் கெட்டியாகத்தான். ஊறுகாய் வைத்தால் தாகம் எடுக்கும், அதனால் ஒரு துண்டு வெல்லம். தாங்க முடியாமல் போனால் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும். கர்ச்சீப்பை நனைத்துக் கழுத்துக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். “அங்க போய் குந்திக்கினினா இல்லாத நோவெல்லாம் ஒட்டிக்கும். தண்ணி உள்ள போனாதானே அங்க போவணும்? சாயங்காலம் வூட்டுக்கு வா, அண்டாவையே கவுத்து ஊத்துறேன்” என்பாள் அம்மா.

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, ஏனென்றால் அவள் வாழ்ந்ததே அப்படித்தான். அடையாறு காந்தி நகரில் சில வீடுகளில் அவள் பாத்திரம் தேய்த்துத் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வீடுகளின் பாத்ரூம்களைப் பளபளவென்று தேய்த்து வைப்பவள் அவள்தான், ஆனால் அவசரத்துக்கு அதற்குள் போவதற்கு மட்டும் அவளுக்கு அனுமதி கிடையாது. யாரும் வாயைத் திறந்து ‘போகாதே’ என்று சொன்னதில்லையாம், ஆனால் போகக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். வெயிலில் போய் நிற்கிறவளுக்கு வீட்டுக்கார அம்மா பாவம் என்று மோர் நீட்டினால்கூட ‘வவுறு சரியில்லம்மா’ என்று பொய் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள். தனக்குத் தெரிந்த ஒரே வழியைத் தன் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தாள், அவ்வளவுதான்.

இதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய ஒரு தப்புக் கணக்கும் சேர்ந்துகொண்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி லாரி வரும். ஹாரன் சத்தம் கேட்டதும் பிளாக்கே படியிறங்கி ஓடும். வீட்டில் இருக்கிற அத்தனையையும் ‘ரொப்பி’விட வேண்டும்: டிரம், அண்டா, கலர் கலராய்க் குடங்கள், இட்லிக் குண்டான், எங்கள் நைனா ஸ்டுடியோவிலிருந்து கொண்டுவந்த காலி பெயிண்ட் டப்பா, எல்லாம் நிறைந்தபின் டம்ளர்களும் கிண்ணங்களும். (நைனா என்பது எங்கள் அப்பா, கோடம்பாக்கத்தில் லைட்மேன்.) வரும்போது ரொப்பிக்கொள், வராதபோது சமாளி என்பதுதான் அந்தச் சமயத்தில் சென்னைப் பெண்களுக்கு நாடி நரம்பில் ஊறிப்போயிருந்த புத்தி. அந்தப் புத்தியை அம்மா எங்கள் உடம்புக்கும் அப்படியே பொருத்திவிட்டாள். பகலெல்லாம் காய்ந்தால் என்ன, சாயங்காலம் மொத்தமாக ரொப்பிவிட்டால் மறுநாள் சாயங்காலம் வரைக்கும் தாங்காதா?

அதனால் சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் வாசலிலேயே நிறுத்திக் கையில் சொம்பைக் கொடுப்பாள். நீர்மோரோ, வெந்தயத் தண்ணீரோ, பார்லித் தண்ணீரோ, ஒன்றுமில்லாவிட்டால் பச்சைத் தண்ணீரோ, மூச்சு விடாமல் ஒரு சொம்பு. பையை மாட்டிவிட்டு வந்து இன்னொரு சொம்பு. வேண்டாம் என்று சொல்ல முடியாது, தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஊற்றிவிடுவாள். வயிற்றுக்குள் அது ‘தளக் தளக்’ என்று ஆடும். நானும் அமுதாவும் எதிரெதிரே நின்று குதித்து, யார் வயிறு அதிகமாகச் சத்தம் போடுகிறது என்று பார்ப்போம். அம்மாவும் சிரிப்பாள். பிள்ளைகளைத் தாகத்தோடு விடவில்லை என்ற நிம்மதி அந்த நேரத்தில் அவள் முகத்தில் தெரியும்.

அமுதா இந்தக் கலையில் பேர் வாங்கியவள். ஆறாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து அந்த வேப்பமரத்துப் பக்கம் அவள் போனதே கிடையாது. “நான் அந்தக் கதவத் தொட்டது கூட இல்ல டீ” என்று மற்ற பெண்களிடம் பெருமையடித்துக்கொள்வாள், அவர்களும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். கோகோ விளையாட்டில் முதல் ஆள், கணக்கில் புலி, வகுப்பில் முதல் ரேங்க். எங்கள் பிளாக்கில் யாருக்காவது மனு எழுத வேண்டுமென்றாலும், மருந்துச் சீட்டைப் படிக்க வேண்டுமென்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அடுத்த வருஷம் பத்தாவது. வீட்டிலிருந்து முதல் முதலாகப் பத்தாவது எழுதப் போகிறவள் என்று நைனா தன் கூட வேலை செய்யும் லைட்மேன்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

மாசி முடிகிற சமயத்தில் அவளுக்கு ‘நீர்க்கடுப்பு’ வந்தது. பஸ் ஸ்டாப்பில் திடீரென்று குந்தி உட்கார்ந்துகொள்வாள், கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். அம்மா ‘சூடு’ என்று சொல்லி இரண்டு கால் கட்டை விரலிலும் சுண்ணாம்பு தடவி, தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தாள். சாயங்காலச் சொம்பு இரண்டிலிருந்து மூன்றானது. இரண்டொரு நாளில் சரியாகும், பிறகு மறுபடி வரும், மறுபடி சுண்ணாம்பு. கட்டை விரலில் வெள்ளைப் பொட்டோடு வகுப்புக்கு வரும் பெண்கள் எங்கள் பள்ளியில் எப்போதும் யாராவது இருப்பார்கள், அதனால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கும் அது சளி பிடிப்பது மாதிரி எல்லாருக்கும் வந்து போகிற ஒன்று என்றுதான் தோன்றியது.

பங்குனி வெயிலில் ஒரு நாள் பள்ளி விட்டு பஸ்ஸில் வரும்போது அவள் நடுங்க ஆரம்பித்தாள். வெளியே தார் உருகிக்கொண்டிருக்கிறது, இவள் பல்லோடு பல் தந்தியடிக்கிறது. என் தாவணித் தலைப்பை எடுத்து அவள் மேல் போர்த்தினேன், நடுக்கம் நிற்கவில்லை. பக்கத்தில் நின்ற பூக்காரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, “ஐயே, இன்னாமே இப்டி கொதிக்குது!” என்று கையை எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மா வழக்கம்போலச் சொம்பை நீட்டினாள். அமுதா ஒரு வாய் குடித்தாள், அப்படியே வாந்தியெடுத்தாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டு படுத்துவிட்டாள். எனக்குப் பயத்தில் அழுகைகூட வரவில்லை.

பெரியாஸ்பத்திரியில் அவளைச் சேர்த்தார்கள். கிருமி சிறுநீரகம் வரைக்கும் போய்விட்டது என்று சொன்னார்கள். வார்டு முழுக்க இருந்தவர்களுக்கு ஒரே ஒரு லேடி டாக்டர். சின்ன வயசு, தூங்கிப் பல நாளான கண்கள். அம்மாவைப் பார்த்து, “ஏம்மா, பொண்ணுக்குத் தண்ணியே குடுக்கிறதில்லையா?” என்றார்.

அந்தக் கேள்வியை அம்மா ஏற்கவே இல்லை. அவளுக்கு அது அநியாயமாகப் பட்டது. “இன்னா டாக்டரம்மா இப்டி கேட்டுட்டே? லாரியாண்ட இடிபட்டு மிதிபட்டுப் புட்ச்சாந்து, டெய்லி நிக்கவெச்சி குடிக்க வெக்கிறேன். இதோ சின்னவளாண்ட கேளு” என்று என்னைச் சாட்சிக்கு இழுத்தாள். நான் தலையை ஆட்டினேன். டாக்டர் விவரம் கேட்டார். காலையில் ஒரு முழுங்கு, சாயங்காலம் மூன்று சொம்பு என்று அம்மா பெருமையாகவே சொன்னாள். டாக்டர் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

“உடம்பு என்ன டிரம்மாம்மா, ஒரே வேளைல ரொப்பி மூடி வைக்கிறதுக்கு? நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா குடிக்கணும். வரும்போதெல்லாம் போகணும். அடக்கவே கூடாது. இன்னொரு தடவை இப்படி வந்தா கிட்னி போயிடும்.”

“எங்க போறது டாக்டரம்மா?” என்று அம்மா கேட்டாள். கேலியாக இல்லை, வழி தெரியாத ஊரில் வழி கேட்கிற மாதிரி கேட்டாள். டாக்டர் அடுத்த கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். “அதுக்கு நான் மருந்து எழுத முடியாதும்மா” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துபோனார்.

அமுதா தேறி வீட்டுக்கு வந்தபோது முழுப் பரீட்சைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு பெரிய டீச்சரைப் பார்க்கப் போனாள், என்னையும் உள்ளே நிறுத்திக்கொண்டாள். பெரிய டீச்சர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும், திட்டிவிட்டாவது வந்திருக்கலாம். அவர் எழுந்து எங்களைக் கூட்டிக்கொண்டு வேப்பமரம் வரைக்கும் நடந்து, அம்மா கண் எதிரே குழாயைத் திறந்து காட்டினார். காற்றுதான் வந்தது. “பாருங்கம்மா. நான் வேணும்னா இப்படி வெச்சிருக்கேன்? மனுப் போட்டுப் போட்டுக் கை வலிக்குது. கெஞ்சிக் கூத்தாடி ஒரு லாரி வாங்கினா அது குடிக்கவும் சத்துணவுக்குமே பத்தல. இதுல எங்க கழுவறது?” என்றார். அவருக்குக் கண் கலங்கியது. அம்மாதான் கடைசியில் அவரைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

மறுநாள் காலை அம்மா ஒரு குடத்தில் முக்கால்வாசி தண்ணீர் பிடித்து, வாயில் பிளாஸ்டிக் தாள் போட்டு இறுக்கிக் கட்டி, எங்களோடு பஸ் ஏறினாள். இடுப்பில் குடம், கையில் தென்னந்துடைப்பமும் ஃபினாயில் பாட்டிலும். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, “இன்னாம்மா, தண்ணிய பஸ்ல ஏத்திக்கினு வர்ற? லக்கேஜ் போடணும்” என்றார். “இது என் மூணாவது பொண்ணுபா, மடியில வெச்சுக்கிறேன், வுட்று” என்றாள் அம்மா. பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டரும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். அமுதா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. பெரிய வகுப்புப் பெண் அவள், கூடவே படிக்கிறவர்கள் நாலைந்து பேர் அதே பஸ்ஸில் வருவார்கள்.

கதவும் தாழ்ப்பாளும் ஓரளவு சரியாக இருந்த ஒரு தடுப்பை அம்மா தேர்ந்தெடுத்தாள். மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு அதைத் தேய்த்துக் கழுவி, தரையில் நடக்கிற அளவுக்குக் கொண்டுவந்தாள். மீதித் தண்ணீரை ஒரு வாளியில் ஊற்றி உள்ளே வைத்து, மேலே ஒரு மக்கைப் போட்டாள். “அமுதா, இது உன்னுது. பயப்படாம தண்ணி குடி, பயப்படாம வா” என்று சொல்லிவிட்டு வேலைக்கு ஓடினாள்.

இன்டர்வெல் மணி அடித்தது. வேப்பமரத்துப் பக்கம் ஃபினாயில் வாசனை வருகிறது என்ற செய்தி அதற்குள் பள்ளிக்கூடம் பூராவும் பரவியிருந்தது. அன்றைக்குத்தான் எங்கள் பள்ளியில் அந்த மணி அடித்ததும் பெண்கள் அந்தத் திசையில் ஓடி நான் பார்த்தேன். மைதானத்தின் பாதி வரைக்கும் வரிசை நின்றது. வருஷக்கணக்காக அடக்கி வைத்திருந்த கூட்டம், என்ன சொல்லி நிறுத்துவது? அமுதா வரிசையின் கடைசியில் நின்றாள். அவள் முறை வருவதற்குள் வாளி காலி. தரை பழையபடி ஆகிவிட்டிருந்தது. மணியும் அடித்துவிட்டது.

சாயங்காலம் இதைக் கேட்டதும் அம்மாவுக்கு முதலில் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “எவ டீ அவ, என் பொண்ணு தண்ணிய...” என்று ஆரம்பித்தவள் நடுவில் நிறுத்திக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்து, “அதுங்களும் கொயந்தைங்கதானே. அதுங்களுக்கும் முட்டிக்கினுதானே இருந்திருக்கும்” என்றாள். அதற்குமேல் அவளால் திட்ட முடியவில்லை. அடுத்த நாளும் குடத்தோடு வந்தாள். அதற்கடுத்த நாள் இன்னொரு சின்னக் குடத்தை என்னிடம் கொடுத்தாள். ஒரு பள்ளிக்கூடத்துக்கே ஒருத்தியால் தண்ணீர் சுமக்க முடியுமா? குடம் எத்தனை வந்தாலும் முதல் பத்துப் பெண்களோடு தீர்ந்துபோயிற்று. லாரித் தண்ணீரில் பாதி இப்படிப் போக, வீட்டில் சமைக்கத் தட்டுப்பாடு. காலையில் நேரம் கழித்துப் போவதால் காந்தி நகரில் ஒரு வீட்டில் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

அமுதாவுக்கு அதைவிட வேறொரு கஷ்டம். ‘தண்ணிக்குடம்’ என்று அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அம்மா இடுப்பில் குடத்தோடு கேட்டுக்குள் நுழையும்போதே மாடியிலிருந்து யாராவது ஒரு குரல் கொடுப்பார்கள். கோகோவில் ஓடுகிறவளுக்கு எழுந்து நடக்கவே கூச்சமாகிவிட்டது. “நான் கிளாஸ் நடுவுல போய்க்கிறேன்மா, டீச்சர் விடுறாங்க. தண்ணியும் குடிக்கிறேன். நீ வராத” என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா நம்பினாள். நம்புவதைத் தவிர அவளுக்கு வேறு என்ன இருந்தது? கிளாஸ் நடுவில் அவள் ஒருநாளும் போகவில்லை. அம்மா கொடுத்தனுப்பும் பாட்டில் தண்ணீரைச் சாயங்காலம் பள்ளிக்கு வெளியே இருந்த ஒரு வேப்பங்கன்றுக்கு ஊற்றிவிட்டுத்தான் பஸ் ஏறுவாள்.

கணக்குப் பரீட்சை அன்று அவளுக்கு மறுபடியும் நடுக்கம் வந்தது. பேப்பரை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் விழுந்தாளாம். இந்த முறை ஆஸ்பத்திரியில் அதிக நாள் இருந்தாள். ஒரு பக்கச் சிறுநீரகம் பழையபடி ஆகாது என்று அதே டாக்டர் சொன்னார். இந்தத் தடவை அவர் திட்டவில்லை, அம்மாவும் எதிர்த்துப் பேசவில்லை.

வீட்டில் முடிவெடுக்கக் கூட்டமெல்லாம் கூடவில்லை. நைனா கால்ஷீட் முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். “படிப்பா பொண்ணான்னா, பொண்ணு போதும்மே” என்றார். அம்மா சரி என்றாள். அமுதா மட்டும், “பத்தாவது மட்டும் எழுதிடுறேன் நைனா. மரத்துப் பக்கமே போறேன், எவ்ளோ கேவலமா இருந்தாலும் போறேன்” என்று கெஞ்சினாள். நைனா எழுந்து வெளியே போய்விட்டார். ஒன்பதாவது ரிசல்ட் வந்தபோது கணக்கில் அவள்தான் முதல் மார்க். அதை நான்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். வீட்டில் உட்கார்ந்தவள் பக்கத்தில் அம்மா ஒரு சொம்பை வைத்தாள். எப்போது வேண்டுமானாலும் குடிக்கலாம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். அமுதா குடித்தாள். வெறுப்போடு, மடக் மடக்கென்று, கண்ணில் நீர் வரும்வரை குடித்தாள். அதைப் பார்த்துக்கொண்டு புத்தகப் பையை மாட்டிக்கொண்டு நான் தினமும் கிளம்பிப் போனேன், வாயைக் கட்டிக்கொண்டு.

இப்போது அந்த வேப்பமரமும் இல்லை, அந்தத் தடுப்புகளும் இல்லை. டைல்ஸ் போட்ட புதுக் கட்டடம் ஒன்று நிற்கிறது. எங்கள் பிளாக்கை இடித்துவிட்டார்கள். லாரி ஹாரன் கேட்டால் படியிறங்கி ஓடிய பெண்கள் ஊருக்கு வெளியே ஆளுக்கொரு பக்கம் அனுப்பப்பட்டுவிட்டார்கள். அமுதா பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் இருக்கிறாள். மாத்திரை டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் இல்லாமல் அவள் எங்கேயும் போவதில்லை. தன் பிள்ளைகளுக்கு அவள்தான் இன்றும் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அம்மாவும் நைனாவும் போய்விட்டார்கள். நான் படித்து, ஒரு ஆபீஸில் வேலை பார்த்து, சாஸ்திரி நகரில் வாடகை வீட்டில் இருக்கிறேன். என் மகள் யாழினி அடையாறில் நல்ல பள்ளியில் ஐந்தாவது படிக்கிறாள். அங்கே குழந்தைகள் தண்ணீர் குடிப்பதற்கென்றே பகலில் சில தடவை தனியாக மணி அடிக்கிறார்கள். பள்ளியில் சேர்த்த அன்று இதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, பக்கத்தில் இருந்த தாய்மார்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

போன மாதம் யாழினி கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போனாள் என்று ஆபீஸ் போகும் வழியில் கொடுக்கப் போனேன். வகுப்பு வாசலை நெருங்கும்போது அந்தத் தண்ணீர் மணி அடித்தது. எல்லாக் குழந்தைகளும் கலர் கலரான பாட்டில்களை எடுத்து அண்ணாந்தார்கள். யாழினியும் அண்ணாந்தாள். பாட்டில் சரிந்திருந்தது, கன்னம்கூட உப்பியிருந்தது, ஆனால் தொண்டை அசையவில்லை. எங்கள் காலத்தில் நாங்கள் இப்படி நடிக்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை, குடித்தாயா என்று எங்களை யாரும் கேட்டதில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் கேட்டேன். திட்டவில்லை, கெஞ்சித்தான் கேட்டேன். “பாத்ரூமெல்லாம் நல்லாதாம்மா இருக்கு” என்றாள். “ஆனா நடுவுல போணும்னா கை தூக்கிக் கேக்கணும். பசங்க சிரிப்பாங்க. மிஸ், ‘இப்பதானே இன்டர்வெல் விட்டேன்’னு சொல்வாங்க. இன்டர்வெல்ல க்யூ பெருசா இருக்கும். தண்ணி குடிக்கத்தான் பெல் அடிக்கிறாங்க, அதுக்கு பெல் இல்லையே.”

அமுதாவின் முகம்தான் எனக்குக் கண்முன் வந்தது. என்னிடம் இப்போது படிப்பு இருக்கிறது, வேலை இருக்கிறது, வகுப்பு டீச்சரின் போன் நம்பரும் இருக்கிறது. மறுநாள் பள்ளி விடுகிற நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டேன். அமுதாவுக்கு என்ன ஆயிற்று என்பதில் தொடங்கி எல்லாவற்றையும் சொல்லி, என் மகள் கை தூக்கினால் தயவுசெய்து அனுப்பிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அந்த டீச்சர் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார்.

“உங்க கஷ்டம் புரியுது மேடம்” என்றார். “ஒருத்திய அனுப்பினா பின்னாடியே பாதி கிளாஸ் கை தூக்குது. நான் கிளாஸை விட்டு நகரக் கூடாது, போர்ஷன் முடிக்கணும். நான் என்னதான் பண்றது, நீங்களே சொல்லுங்க.” பின்னால் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது கேட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு அவர் சொன்னார்:

“உங்ககிட்ட சொல்றதுக்கென்ன மேடம். காலைல வீட்டை விட்டுக் கிளம்பினா திரும்பிப் போற வரைக்கும் நான் ஒரு வாய் தண்ணி குடிக்கிறதில்ல. மணி அடிச்சா பிள்ளைங்க பாக்குதேன்னு பாட்டிலைத் தூக்கிச் சும்மா வாயில வெச்சு எடுப்பேன். யாழினி முன் பெஞ்சுல உக்காந்து தினமும் என்னையேதான் பாத்துக்கிட்டிருக்கா.”